சிங்கப்பூர்ல சம்பளம், பவானியில காடு: யார் பேர்ல வாங்கறது?

போன எபிசோடுக்கு அப்புறம் பவானிக்காரத் தம்பி ஒருத்தர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். சிங்கப்பூர்ல வேலை, போய் நாலு வருஷம் ஆச்சு. ஊர்ல இருந்து அப்பா போன் பண்ணியிருக்கார்: "கண்ணு, வாய்க்கால் பாசனத்துல ரெண்டு ஏக்கரா வெலைக்கு வருதாம். பணத்த அனுப்பி வுடு, உம்பேர்லயே வாங்கிப் போட்டுரலாம்." தம்பி கேக்கறது, "அனுப்பலாங்களா?"

இந்த ஆசை எங்கிருந்து வருதுன்னு நமக்குப் புரியும். காளிங்கராயன் வாய்க்கால் பவானியில இருந்துதான் கிளம்புது. சுமார் 90 கிலோமீட்டர் ஓடுது, மஞ்சளும் கரும்பும் வாழையும் அந்தத் தண்ணியில விளையுது. அங்க ஒரு காடு வாங்கறதுன்னா வெறும் முதலீடு இல்லீங்க, ஊர்ல தலை நிமிர்ந்து நிக்கற விஷயம். ஆனா தம்பிக்கு என் பதில்: உங்க பேர்ல வாங்க முடியாது. ஏன்னு பார்க்கலாம்.

நீங்க யாரு? சட்டம் கேக்கற முதல் கேள்வி

1999-ல வந்த அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தை எல்லாரும் ஃபெமான்னு சொல்வாங்க. வேலைக்காக நீங்க வெளிநாடு கிளம்பிட்டா, இந்தச் சட்டத்தோட கண்ணுக்கு நீங்க வெளிநாடுவாழ் இந்தியர், அதாவது என்.ஆர்.ஐ. கையில இருக்கறது இந்தியப் பாஸ்போர்ட்தான், ஓட்டு பவானியிலதான் இருக்குன்னாலும் அப்படித்தான். வருமான வரிக்கு நாள் கணக்கு தனி. அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்க வேண்டாம்.

அந்தச் சட்டத்தின் கீழ 2019-ல வந்த விதிகள்படி, என்.ஆர்.ஐ. இந்தியாவுல வீடு, ஃபிளாட், கடை, அங்கீகாரம் வாங்கின மனை எல்லாம் வாங்கலாம். வாங்கக் கூடாதது மூணு: விவசாய நிலம், தோட்டப் பயிர் நிலம், பண்ணை வீடு.

"எங்க பக்கத்து வீட்டு அண்ணன் வாங்கினாரே, பத்திரமே பதிவாச்சே?" ஆகியிருக்கலாம். பதிவு ஆனதுனாலயே வாங்கினது செல்லும்னு அர்த்தம் இல்ல. பின்னாடி விக்கும்போது, பணத்தை வெளிய கொண்டுபோகும்போது, விசாரணைன்னு வரும்போது சிக்கல் தெரியும். அபராதம் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூணு மடங்கு வரைக்கும் போகலாம்.

"சரி, அப்பா பேர்ல வாங்கிக்கறேன்"

பெரும்பாலானவங்க அடுத்து சொல்றது இதுதான். இதுல ரெண்டு வழி இருக்கு. வெளிய இருந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும்.

முதல் வழி: "பேர் அப்பாவுது, காடு என்னுது." இது பினாமி. 2016-ல திருத்தின பினாமிச் சட்டத்துல சில விலக்கு இருக்கு. பெத்தவங்களைச் சேர்த்து வாங்கலாம், ஆனா உங்க பேரும் கூட்டா பத்திரத்துல இருக்கணும். விவசாய நிலத்துல உங்க பேரைப் போட ஃபெமா விடாது. ஆக, ஒரு சட்டம் பேரைப் போடுன்னுது, இன்னொண்ணு போடாதேன்னுது. நடுவுல மாட்டினா சொத்து பறிமுதல், ஒண்ணுல இருந்து ஏழு வருஷம் வரைக்கும் சிறை, சொத்தோட சந்தை மதிப்புல 25 சதவீதம் வரைக்கும் அபராதம்.

ரெண்டாவது வழி: பணத்தை அப்பாவுக்கு நிஜமாவே குடுத்துடறது. மகன் அப்பாவுக்குக் குடுக்கற அன்பளிப்புக்கு, எவ்வளவு பெரிய தொகையா இருந்தாலும், அப்பா வரி கட்ட வேண்டியதில்ல. உங்க என்.ஆர்.இ. கணக்குல இருந்து அவர் கணக்குக்கு பேங்க் வழியா அனுப்புங்க. "இது அன்பளிப்பு, திருப்பிக் கேக்க மாட்டேன்"னு ஒரு கடிதம் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வையுங்க. அப்பா அவர் பேர்ல, அவருக்காக வாங்கட்டும். இது முறையான வழி.

இங்கதான் வீட்ல பேசணும்

முறையான வழின்னா, காடு அப்பாவுதுன்னு மனசாரவும் ஒத்துக்கணும். நீங்க 40 லட்சம் அனுப்பினீங்க, அப்பா வாங்கினார், உயில் எழுதாம காலமாயிட்டார்னு வையுங்க. வீட்ல அம்மா, நீங்க, ஒரு அக்கா. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூணு பேருக்கும் சம பங்கு. பணம் மொத்தமும் உங்களுது, ஆனா உங்க பங்கு மூணுல ஒண்ணு. அக்கா பங்கு கேட்டா அது பேராசை இல்லீங்க, அவங்க உரிமை.

"அப்ப அப்பா உயிரோட இருக்கும்போதே எனக்கு செட்டில்மென்ட் எழுதிக் குடுத்துட்டா?" நம்ம பக்கம் வழக்கமா செய்யறது அதுதான். ஆனா நீங்க என்.ஆர்.ஐ.யா இருக்கற வரைக்கும் விவசாய நிலத்தை அன்பளிப்பாவும் வாங்க முடியாது. உயில் மூலமாவோ வாரிசாவோ வந்தா மட்டும் வெச்சுக்கலாம். அதனால அப்பா உயில் எழுதறதா இருந்தா, அது அம்மாவுக்கும் அக்காவுக்கும் தெரிஞ்சே நடக்கட்டும். ஒரு லீவுக்கு ஊருக்கு வரும்போது எல்லாரும் உக்காந்து பேசிட்டா, பின்னாடி கோர்ட் வாசல்ல பார்த்துக்க வேண்டியதில்ல.

வாரிசா வந்த காட்டை விக்கணும்னா, இந்தியாவுல வசிக்கற இந்தியக் குடிமகனுக்குத்தான் விக்கலாம். வெளிநாடு போறதுக்கு முன்னாடியே உங்க பேர்ல வாங்கின காடு இருந்தா பயப்படாதீங்க, அது தொடர்ந்து உங்களுதுதான். ஊருக்கே திரும்பி வந்து இங்க குடியிருக்க ஆரம்பிச்சிட்டா புதுசாவும் வாங்கலாம். காத்திருக்கறதும் ஒரு வழிதான்.

மனைன்னு சொல்லி காட்டை விப்பாங்க

"இது காடு இல்லீங்க, சைட்டு"ன்னு கல்லு நட்டுக் காட்டுவாங்க. நீங்க கல்லைப் பார்க்காதீங்க, பட்டாவைப் பாருங்க. அதுல இன்னும் புஞ்சை, நஞ்சைன்னு இருந்தா உஷாராகுங்க. மனைப்பிரிவுக்கு முறையான அங்கீகாரம் இருக்கான்னு கேளுங்க. அங்கீகாரம் இல்லாத மனைகளை வரன்முறைப்படுத்த தமிழக அரசு வெச்ச கெடு நாள் 2016 அக்டோபர் 20. அதுக்கு அப்புறம் பிரிச்ச அங்கீகாரமில்லாத மனைன்னா கிட்டயே போக வேண்டாம்.

கடைசியா, கணக்கு

வெளிநாட்டுச் சம்பளத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு. அதுல வர்ற வட்டிக்கு இங்க வரி இல்ல, பணத்தைத் திரும்ப எடுத்துட்டுப் போக வரம்பும் இல்ல. வாடகை மாதிரி இங்கயே வர்ற வருமானத்துக்கு என்.ஆர்.ஓ. அதோட வட்டியில 30 சதவீதமும் அதுக்கு மேல செஸ்ஸும் பிடிச்சிட்டுத்தான் குடுப்பாங்க. அதுல இருந்து வெளிய கொண்டுபோக ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர்தான் வரம்பு. காலேஜ் காலத்துல தொடங்கின பழைய சேவிங்ஸ் கணக்கு இன்னும் அப்படியே இருக்கா? இந்த வாரமே பேங்க்ல சொல்லி என்.ஆர்.ஓ.வா மாத்திடுங்க.

தம்பி, அப்பாகிட்ட "முடியாது"ன்னு மட்டும் சொல்லி போனை வெச்சிடாதீங்க. "உங்க பேர்ல வாங்குங்கப்பா, அது உங்க காடுதான்"னு சொல்ல மனசு இருந்தா பணத்தை அனுப்புங்க. இல்லைன்னா பவானியிலயே ஒரு வீடோ அங்கீகாரம் வாங்கின மனையோ உங்க பேர்ல பாருங்க. எதுவானாலும் அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி என்.ஆர்.ஐ. விஷயம் தெரிஞ்ச ஆடிட்டர் ஒருத்தர்கிட்டயும் வக்கீல் ஒருத்தர்கிட்டயும் உங்க பேப்பரைக் காட்டிடுங்க.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம். போயிட்டு வர்றேனுங்க!