பிளைண்ட் பெக்கர், ஒயிட்சேப்பல்

கிழக்கு இலண்டனின் ஒயிட்சேப்பல் சாலையில் உள்ள இந்த மதுக்கூடத்தின் இப்போதைய கட்டடம் 1894ஆம் ஆண்டினது. ஒட்டினாற்போல ஆல்பியன் பீர் ஆலை இருந்ததால் சரக்குக்குப் பஞ்சமில்லை.

1966 மார்ச் 9, புதன்கிழமை இரவு. எதிர்க்கோஷ்டியைச் சேர்ந்த ஜார்ஜ் கார்னெல் பார் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பேட்டையையே நடுங்க வைத்த கிரே இரட்டையரில் ஒருவரான ரானி கிரே உள்ளே நுழைந்தார். கூட வந்தவர் கூரையை நோக்கிச் சுட்டார். ரானி கார்னெலின் தலையில் சுட்டார். முகத்தை மறைக்கும் அக்கறைகூட ரானிக்கு இல்லை.

போலீஸ் கேட்டபோது ஆளாளுக்கு வாயை மூடிக்கொண்டார்கள். அடையாள அணிவகுப்பில் மதுக்கூடப் பணிப்பெண்ணும் ரானியைக் காட்டிக்கொடுக்கவில்லை. கோழைத்தனம் என்று சொல்லிவிட முடியாது. மறுநாளும் அவர் அதே தெருக்களில் நடமாட வேண்டுமே. 1968இல் கிரே கும்பல் மொத்தமாகக் கைதான பிறகுதான் அவர் வாய் திறந்தார். 1969இல் ரானிக்கு ஆயுள் தண்டனை. குறைந்தது 30 ஆண்டு சிறை என்றார் நீதிபதி. 1995இல் காவலில் இருக்கும்போதே ரானி இறந்தார்.

வேடிக்கை என்னவென்றால், 1865இல் வில்லியம் பூத் பிரசங்கம் செய்ததும் இந்த வாசலில்தான். குடியை அடியோடு எதிர்த்த இரட்சணிய சேனை அவர் தொடங்கியதே. நாகர்கோவிலின் கேத்தரின் பூத் மருத்துவமனையை நடத்துவதும் அந்தச் சேனைதான்.