வாந்தி என்ன கலர்? பச்சிளம் குழந்தையின் குடல் அடைப்பைக் கண்டுபிடிப்பது எப்படி

(எபிசோடின் எழுத்து வடிவம், சற்றே சுருக்கப்பட்டது)

பிறந்து ரெண்டு நாளான குழந்தை வாந்தி எடுக்குதுன்னு ஃபோன் பண்ணா, குழந்தைகள் டாக்டர் முதல்ல கேட்கிறது "எத்தனை தடவை?" இல்ல. "என்ன கலர்?"

காரணம் இதுதான். கல்லீரல்ல சுரக்கிற பித்தநீர், இரைப்பையைத் தாண்டி சிறுகுடலோட ஆரம்பப் பகுதியில ஒரு சின்ன துவாரம் வழியா வந்து கலக்குது. அந்தத் துவாரத்துக்குக் கீழே குடல் அடைபட்டிருந்தா பித்தநீர் மேல திரும்பும், வாந்தி பச்சையா வரும். குடிச்ச பால் திரிஞ்சு வெள்ளையா வந்தா பெரும்பாலும் சாதாரண எதுக்களிப்பு. கீரை மசிச்ச மாதிரி பச்சையா வந்தா, வேற காரணம்னு நிரூபணம் ஆகுற வரைக்கும் குடல் அடைப்புன்னு வச்சுக்கிட்டுத்தான் டாக்டர்கள் வேலையை ஆரம்பிப்பாங்க. சீம்பால் மஞ்சளா இருக்கிறதால இதுல குழப்பம் வரும். வாந்தி பட்ட துணியைத் துவைச்சுடாதீங்க, அப்படியே எடுத்துட்டுப் போங்க. ஃபோன் கேமராவை நம்பாதீங்க, அது கலரை மாத்திடும்.

ஏன் இவ்வளவு அவசரம்? கருவோட ஆறாவது வாரத்துல குடல் வேகமா நீளும். வயித்துக்குள்ள இடம் பத்தாம கொஞ்ச நாள் தொப்புள்கொடிக்குள்ள போய் இருக்கும். பத்தாவது வார வாக்குல திரும்ப உள்ள வரும். இந்தப் பயணத்துல மொத்தம் 270 டிகிரி சுத்தி, வயித்தோட பின்சுவர்ல அகலமா ஒட்டிக்கணும். சில குழந்தைகளுக்கு இந்தச் சுத்து பாதியிலயே நின்னுடும். அப்போ சிறுகுடல் ஒரு குறுகலான காம்புல தொங்கும். அந்தக் காம்பு முறுக்கிக்கிட்டா உள்ள ஓடுற ரத்தக்குழாயும் சேர்ந்து முறுக்கும். சில மணி நேரத்துல குடல் செத்துப்போக ஆரம்பிக்கும்.

பயமுறுத்துற விஷயம் என்னன்னா, ஆரம்பத்துல வயிறு உப்பாம மெத்துன்னு இருக்கலாம். சாதாரண எக்ஸ்ரே கூட நார்மலா வரலாம். அதனால கான்ட்ராஸ்ட் திரவத்தை ட்யூப் வழியா கொடுத்து, சிறுகுடலோட ஆரம்பப் பகுதி முதுகெலும்பைத் தாண்டி இடது பக்கம் வருதான்னு எக்ஸ்ரேல பார்ப்பாங்க. வரலைன்னா குடல் சரியா சுத்தலைன்னு அர்த்தம். அல்ட்ராசவுண்ட்ல ரத்தக்குழாய்கள் நீர்ச்சுழி மாதிரி சுத்தியிருக்கிறதும் தெரியலாம். குழந்தை ஏற்கெனவே துவண்டு போயிருந்தா, படத்துக்குக் காத்திருக்காம நேரா ஆபரேஷன்தான்.

நம்ம ஊர்ல "குடல் ஏறிடுச்சு"ன்னு சொல்லி, குடல் தட்ட யார்கிட்டயாவது தூக்கிட்டுப் போற பழக்கம் இன்னும் இருக்கு. பாட்டிகளைக் கிண்டல் பண்ண நான் வரலை. ஆனா பச்சை வாந்திக்கு அங்க செலவாகுற அரை நாள், குடலுக்கு இருக்கிற மொத்த நேரமாக்கூட இருக்கலாம்.

எல்லா அடைப்பும் இப்படி ஒளிஞ்சிருக்காது. பிறந்த நிமிஷத்துலேர்ந்தே குழந்தை காத்தை விழுங்கும், எக்ஸ்ரேல காத்து கறுப்பா தெரியும். சிறுகுடலோட ஆரம்பம் மூடியே பிறந்திருந்தா, இரைப்பையில ஒரு குமிழி, பக்கத்துல இன்னொரு குமிழி, அதுக்கப்புறம் காத்தே இருக்காது. இதுக்குப் பேரு 'டபுள் பபிள்'. பிரசவத்துக்கு முந்தின ஸ்கேன்லயே இது தெரியலாம், பனிக்குட நீரும் அதிகமா இருக்கும். இந்தக் குழந்தைகள்ல சுமார் மூணுல ஒருத்தருக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கிறதால அதுக்கும் டெஸ்ட் பண்ணுவாங்க.

இன்னும் கீழ அடைப்பு இருந்தா குமிழிகள் கூடும், வயிறு உப்பும். அங்க குடல் ஏன் துண்டுபட்டுப் போகுது? கருவுல குடலுக்குப் போற ரத்தம் தடைபடுறதாலன்னு, நாய்க்கருக்கள்ல சோதனை பண்ணி 1955-ல காட்டினவர் கேப்டவுன் சர்ஜன் கிறிஸ்டியான் பர்னார்ட், சக சர்ஜன் லோவ் கூட சேர்ந்து. ஆமா, 1967-ல முதல் இதய மாற்று ஆபரேஷன் பண்ண அதே பர்னார்ட்தான்.

அப்புறம், டிஸ்சார்ஜுக்கு முன்னாடி நர்ஸ் கேட்பாங்களே, "பேபி மோஷன் போச்சா?"ன்னு. தார் மாதிரி வர்ற அந்த முதல் மலத்தை, நிறைமாசக் குழந்தைகள்ல பெரும்பாலானவை 24 மணி நேரத்துலயும், கிட்டத்தட்ட எல்லாமே 48 மணி நேரத்துலயும் போயிடும். போகலைன்னா முதல்ல ஆசனவாய் சரியா திறந்திருக்கான்னு பார்க்கணும். அடுத்த சந்தேகம், டென்மார்க் டாக்டர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ரங் 1886-ல விவரிச்ச நோய். குடலோட கடைசிப் பகுதியில நரம்பு செல்களே இருக்காது, அந்த இடம் தளராம இறுகியே இருக்கும். மலக்குடல்லேர்ந்து துளி சதை எடுத்து மைக்ரோஸ்கோப்ல பார்த்தாத்தான் உறுதி ஆகும்.

ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. மேல அடைப்பு இருந்தாலும், அதுக்குக் கீழ ஏற்கெனவே இருந்த மலம் வெளிய வரலாம். பச்சையா வாந்தி எடுத்தா, காலையில மோஷன் போன கணக்கு செல்லாது.