நடுக்கடலில் கம்பி அறுந்தால்: பாய்மரப் படகில் ஒரு ஹாட்ஃபிக்ஸ்

இன்னைக்கு, பாய்மரப் படகிலேயே குடித்தனம் நடத்துறவங்களைப் பத்திப் பேசலாம். கேனரி தீவுகளில் இருக்கும் லாஸ் பால்மாஸிலிருந்து கரீபியனில் செயின்ட் லூசியா வரைக்கும் சுமார் 2,700 கடல் மைல். 40 அடி படகுக்கு மூணு வாரம் போல ஆகும். பல படகுகளில் கணவன், மனைவி ரெண்டே பேர்தான். நடுவில் ஒரு கம்பி போச்சுன்னா கூப்பிட மெக்கானிக் கிடையாது.

என்ன கம்பி? பாய்மரம் தன்னால நிக்கிறதில்லை. மொட்டைமாடி ஆன்டெனா கம்பத்துக்கு இழுத்துக் கட்டுவோமே, அதே மாதிரி முன்னால, பின்னால, ரெண்டு பக்கமும் எஃகுக் கம்பிகள் பிடிச்சு நிறுத்துது. ஒவ்வொரு முனையிலும் ஒரு பின், அது நழுவாம இருக்க ஒரு குட்டி காட்டர் பின். அந்தக் குட்டி பின் விழுந்தா மொத்த மரமும் சாயலாம். சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்னு நம்ம ஆபீஸ்ல சொல்றது இதைத்தான்.

கம்பி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆச்சே, எப்படிப் போகும்? அதைக் காப்பாத்துறது மேலே இருக்கிற குரோமியம் ஆக்சைடு படலம். அது கிழிஞ்சா திரும்ப உருவாக ஆக்சிஜன் வேணும். கம்பியின் முனையை ஒரு உலோகக் குழாய்க்குள்ள விட்டு நசுக்கியிருப்பாங்க, பேரு ஸ்வேஜ். கீழ்முனை ஸ்வேஜ் வாயைத் திறந்த டம்ளர் மாதிரி. உப்புத்தண்ணி உள்ள இறங்கித் தேங்கும், ஆக்சிஜன் போகாது, வெளியே பளபளன்னு இருக்கும்போதே உள்ளே அரிச்சுடும். கூடவே, காத்து படாத பக்கத்துக் கம்பி தொய்ஞ்சு தொய்ஞ்சு உதறுறதால உலோகமே களைச்சுப்போகும்.

ஒரு கம்பின்னா 19 இழை: நடுவில் 1, சுத்தி 6, வெளியே 12. ஒரு இழை அறுந்தா கிட்டத்தட்ட 5 சதவீத பலம்தானே போகுதுன்னு தோணும். ஆனா மத்த 18-ம் அதே வயசு, அதே உப்பு. ஒரு சர்வர் விழுந்ததும் லோடு முழுக்க மத்ததுமேல ஏறுமே, அதே கதை. பஞ்சை வச்சுக் கம்பியைத் துடைச்சுப் பார்ப்பாங்க. அறுந்த இழை பஞ்சைப் பிடிச்சு இழுக்கும். விரலால தடவினா சதையைக் கிழிச்சுடும்.

சரி, அறுந்தே போச்சு. முதல் வேலை ஸ்பேனர் எடுக்கிறது இல்லை, படகைத் திருப்புறது! காத்து வர்ற பக்கத்துக் கம்பிதான் பாரம் சுமக்குது. அதனால நல்ல கம்பி இருக்கிற பக்கம் காத்து வர்ற மாதிரி உடனே திருப்பணும், பாயைக் குறைக்கணும். அப்புறம் பாயை ஏத்துற கயிறு ஒண்ணைப் பக்கவாட்டில் இழுத்துக் கட்டி மரத்துக்குத் தற்காலிக முட்டு.

அடுத்தது ரிப்பேர். ஸ்வேஜ் நசுக்குற மெஷின் படகில் இருக்காது. அதனால கையால மாட்டுற டெர்மினல் எடுத்துப் போவாங்க. கம்பியை ஹேக்ஸா பிளேடால அறுத்து, வெளி 12 இழையைப் பிரிச்சு, உள் 7 இழைமேல ஒரு கூம்பு மாட்டி, வெளி இழைகளை அதன்மேல மூடி, ரெண்டு ஸ்பேனரால முறுக்கினா முடிஞ்சது. ரொம்ப அழகான டிசைன், இறுக இறுகப் பிடி கூடும்.

இன்னொரு வழி டைனீமா கயிறு. எடை எஃகைவிட ரொம்பக் கம்மி, பலம் ஏறக்குறைய அதேதான். ஆனா வழுக்கும்; முடிச்சுப் போட்டா பாதி பலத்துக்கு மேல போயிடும். அதனால கயிறுக்குள்ளேயே கயிறைச் செருகிக் கண்ணி போடணும். நாள்பட நீளவும் செய்யும், தினம் இறுக்கணும்.

மேல்முனை போயிருந்தா மரம் ஏறணும். கீழே லேசா ஆடுற படகு, 15 மீட்டர் உயரத்தில் ஆளைத் தூக்கி அடிக்கும். அதனால ஒரு கயிறில் தொங்கி, இன்னொண்ணைப் பாதுகாப்புக்குக் கட்டிக்கணும், அதுவும் கொக்கியில் இல்லை, முடிச்சுப் போட்டு. கடல் அடங்கலைன்னா ஏறாம காத்திருக்கிறதுதான் என் கணக்கில் சரி. கீழே நிக்கிற ஒரே ஆள், மேலே அடிபட்டவரை எப்படி இறக்குவார்?

மரமே விழுந்துட்டா, அது அலையில் மோதிப் படகில் ஓட்டை போடும் முன்னாடி கம்பிகளை அறுத்துவிடணும். 2018 கோல்டன் குளோப் ரேஸில் புயல் புரட்டிப் போட்டு அபிலாஷ் டோமியோட மரம் முறிஞ்சது. முதுகெலும்பில் அடி. மூணு நாள் கழிச்சு ஒசிரிஸ்ங்கிற பிரெஞ்சுக் கப்பல் மீட்டது. அதே ரேஸை 2023-ல ரெண்டாவதா முடிச்சார் மனுஷன்!

கரை சேர்ந்ததும் தற்காலிகக் கம்பியைக் கழட்டிப் புதுசு போடணும். எதிர்ப்பக்கத்துக் கம்பியையும் சேர்த்துத்தான். அதுக்கும் அதே வயசுதான்.