பி.காம், எம்பிஏ சேரப் போறீங்களா? பயப்படுற அந்த மேத்ஸ் பேப்பர் உங்க லோனுக்குத்தான் முதல்ல உதவும்

நம்ம சேனல்ல அடிக்கடி வர்ற கேள்வி இது: "அண்ணா, டிப்ளமோ முடிச்சிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனில இருக்கேன். தபால் வழியில பி.காம் பண்ணலாம்னு யோசனை. ஆனா அதுல மேத்ஸ் இருக்காமே, நமக்கு வருமா?"

வரும். அந்த பேப்பர்ல ஒரு அரியர் வெச்சவன்தான் நானும், அதனால தைரியமா சொல்றேன். அன்னிக்கு எனக்குப் புரியாம போனதுக்குக் காரணம் கணக்கு கஷ்டம்ங்கறது இல்ல. இது எதுக்குன்னு யாரும் சொல்லல, அவ்வளவுதான்.

நம்ம ஊர்ல இதுக்கு பிசினஸ் மேத்ஸ், ஸ்டாடிஸ்டிக்ஸ், ஆபரேஷன்ஸ் ரிசர்ச்னு காலேஜுக்கு காலேஜ் பேர் மாறும். அமெரிக்காவுல இதோட பெரும்பகுதிய ஒண்ணா சேர்த்து 'ஃபைனைட் மேத்தமேடிக்ஸ்'னு நடத்துறாங்க. டார்ட்மவுத் காலேஜ்ல கெமெனி, ஸ்னெல், தாம்ப்சன்னு மூணு பேர் 1957-ல எழுதின புத்தகத்துக்கு அப்புறம்தான் அந்தப் பேர் பரவுச்சு. ஃபைனைட்னா எண்ணி முடிக்கக்கூடியது. கால்குலஸ் இல்லாம, எண்ணிக்கை, நிகழ்தகவு, அணிகள், வட்டிக் கணக்கு, நேரியல் திட்டமிடல்னு ஒரு முடிவு எடுக்கத் தேவையானதை மட்டும் சொல்லித் தர்ற பாடம். நம்ம பி.காம்ல கொஞ்சம் கால்குலஸும் சேர்ந்து வரலாம். ஆனா சம்பளக்காரங்களுக்கு தினமும் உதவுறது அந்த மத்த பகுதிதான்.

முதல்ல வட்டி. முதல் பைக் வாங்கும்போது ஷோரூம்ல என்கிட்ட "பத்து பர்சென்ட்தான் சார்"னு சொன்னாங்க. கையெழுத்து போட்டேன். அது ஃப்ளாட் ரேட்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. கணக்கைப் பாருங்க. 1 லட்சம் ரூபா, 24 மாசம், 10% ஃப்ளாட். வருஷத்துக்கு 10,000 வீதம் ரெண்டு வருஷ வட்டி 20,000. மொத்தம் 1,20,000-ஐ 24-ஆல வகுத்தா மாசம் 5,000. பாக்க நியாயமா இருக்கும்.

ஆனா முதல் மாசத்துல இருந்தே அசலைத் திருப்பிக் கொடுக்குறீங்க. ஒரு வருஷம் முடியும்போது கிட்டத்தட்ட பாதி அசல் கட்டியாச்சு. அதுக்கப்புறமும் முழு 1 லட்சத்துக்குத்தான் வட்டி ஓடுது! அதே 10% குறையும் நிலுவை மேல, அதாவது ரெட்யூஸிங் பேலன்ஸ்ல இருந்தா இஎம்ஐ சுமார் 4,614. மொத்த வட்டி 10,750 கிட்டத்தான் வரும். மாசம் 386 ரூபா வித்தியாசம், ரெண்டு வருஷத்துல 9,250 ரூபா. திருப்பிக் கேட்டா, 5,000 இஎம்ஐ கட்டுறவரு உண்மையில வருஷத்துக்கு 18.2% கிட்ட வட்டி கட்டுறாரு.

இந்த 18.2 எங்கிருந்து வந்துச்சு? இன்னிக்கு கையில வாங்குற 1 லட்சமும், வரப்போற 24 தவணையோட இன்றைய மதிப்பும் சமமா இருக்கணும். எந்த வட்டியில சமமாகுதோ அதுதான் உண்மையான வட்டி. பாடத்துல இதுக்கு 'ஆன்யுட்டி'னு பேர். எக்செல்ல ரேட்னு ஒரு ஃபார்முலா இருக்கு. 24, மைனஸ் 5000, 100000 இந்த வரிசையில போட்டா மாசத்துக்கு 1.51% காட்டும், பன்னெண்டால பெருக்கிக்கோங்க. 2024 அக்டோபர் 1-ல இருந்து புதுசா தர்ற ரீட்டெய்ல் டேர்ம் லோன்களுக்கு கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்னு ஒரு தாள் கொடுக்கணும், அதுல ஏபிஆர் போடணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு. கையெழுத்துக்கு முன்னாடி அந்தத் தாளைக் கேளுங்க. பிராசஸிங் ஃபீஸும் அதுக்குள்ள வரும்.

அடுத்தது நேரியல் திட்டமிடல். புத்தகத்துல மேஜை, நாற்காலி செய்யற கம்பெனி உதாரணம் இருக்கும், படிச்சா தூக்கம் வரும். நம்ம பக்கத்து உதாரணம் எடுப்போம். காஞ்சிபுரத்துல இருந்து பெங்களூரு ஹைவேல மேற்கே போனா தாமல், ரோட்டோரமா அந்தப் பெரிய ஏரி. அந்த சுத்துவட்டாரத்துல ஒரு தறி வீடுன்னு வெச்சுக்குவோம். எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் போட்டது, கூலி விவரம் இல்ல.

சாதா பார்டர் சேலைக்கு 6 நாள், கூலி 5,000. கோர்வை சேலைக்கு 12 நாள், கூலி 11,500. கோர்வைன்னா உடல் ஒரு கலர், பார்டர் வேற கலர், ரெண்டையும் நெய்யும்போதே கோர்த்து சேர்க்கணும். அதுக்கு மூணு நாடா ஓடணும், பக்கத்துல ஒரு துணை ஆள் உக்காரணும். கையில இருக்குறது 60 தறி நாள். தம்பிக்கு காலேஜ் லீவு 24 நாள்தான், அவன்தான் துணை.

நாள் கணக்குப் பாத்தா சாதாவுல நாளைக்கு 833 ரூபா, கோர்வையில 958. உடனே "எல்லாமே கோர்வை போடு"ன்னு தோணும். தம்பியோட 24 நாள்ல ரெண்டு கோர்வைதான் முடியும். மிச்சம் இருக்குற 36 நாள்ல 6 சாதா. வருமானம் 23,000 + 30,000 = 53,000. வெறும் சாதா பத்து போட்டா 50,000. சரி, ரெண்டும் கலந்ததுதான் லாபம்.

எனக்குப் பிடிச்ச இடம் இதுக்கு அப்புறம்தான் வருது. கூலிக்கு ஒரு துணை ஆள் வெச்சு மூணாவது கோர்வை போட்டா என்ன? அப்போ 3 கோர்வை, 4 சாதா. 34,500 + 20,000 = 54,500. கூடுதலா வந்தது 1,500. அந்த ஆளுக்கு 12 நாள் வேலை. அப்படின்னா நாளைக்கு 125 ரூபாய்க்கு மேல கொடுத்தா நஷ்டம்! நாளைக்கு 400 கேட்டா 4,800 கொடுத்து 1,500 சம்பாதிக்குறோம். பாடத்துல இந்த 125-க்கு நிழல் விலைன்னு பேர். எது பத்தாம இருக்கோ, அதுல இன்னும் ஒரு யூனிட் கிடைச்சா எவ்வளவு கூடும்னு சொல்ற விலை. வீக்கெண்ட் எம்பிஏ ஃபீஸுக்காக ஓவர்டைம் பாக்கலாமா, இல்ல அந்த ஞாயித்துக்கிழமைய படிக்க வெச்சுக்கலாமான்னு யோசிக்கறவங்களுக்கும் இதே கேள்விதான். உங்ககிட்ட பத்தாம இருக்கறது பணமா, நேரமா?

நிகழ்தகவு பத்தி இன்ஷூரன்ஸ் வீடியோவுல நிறைய பேசிட்டோம், இங்க விட்டுடறேன். அணிகள் பரீட்சைக்கு மார்க் தரும், பெருக்கல் வரிசை மட்டும் பழகிக்கோங்க.

ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. தமிழ்நாட்டு பிளஸ் ஒன் 'வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்' புத்தகம் தமிழ்லயே இலவச பிடிஎஃப்பா கிடைக்குது. அதுல ஏழாவது பாடம் நிதியியல் கணிதம், பத்தாவது பாடத்துல வரைபடம் போட்டு நேரியல் திட்டமிடல். முதல் பக்கத்துல இருந்து ஆரம்பிக்காதீங்க, நான் அப்படித்தான் மாட்டினேன். ஏழாவதுல ஆரம்பிச்சு பத்துக்குப் போங்க, அப்புறம் எட்டாவதுல நிகழ்தகவு. கம்பெனி பஸ்ல தினமும் முக்கால் மணி நேரம் போகும்ல, அது போதும். ரெண்டு மாசம் கழிச்சு ஏழாவது பாடத்துக் கணக்கு பாதிக்கு மேல சொந்தமா வந்தா தைரியமா சேருங்க. வரலைன்னா ஒரு செமஸ்டர் தள்ளிப் போடுங்க. அரியர் ஃபீஸ் மிச்சம்.

இந்த வீடியோல போட்டுக் காட்டின எக்செல் ஷீட் டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு. உங்க பைக் லோன், மொபைல் இஎம்ஐ நம்பரைப் போட்டுப் பாத்துட்டு, கடைக்காரர் சொன்ன வட்டி எவ்வளவு, ஷீட்ல வந்தது எவ்வளவுன்னு எழுதுங்க.