விளக்கேற்ற வருகிறவர் யார்?

வீட்டில் சமையலுக்கு ஓர் ஆளை அமர்த்துவதென்றால், அவர் எந்த ஊர், முன்பு யார் வீட்டில் இருந்தார், ஏன் விலகினார் என்றெல்லாம் நாம் துருவித் துருவி விசாரிக்கிறோம். ரசத்தில் உப்பு ஒரு கல் கூடிவிட்டாலும் முகத்தைச் சுளிக்கிறோம். ஆனால் மின்சார வேலைக்கு ஆள் வேண்டுமென்றால், தெருவில் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகப் போகிற எவரையாவது, "ஐயா, கொஞ்சம் இப்படி வந்துவிட்டுப் போங்கள்!" என்று கூப்பிட்டுவிடுகிறோம். சமையலில் பிசகு நேர்ந்தால் ஒரு வேளைச் சாப்பாடு கெடும். மின்சார வேலையில் பிசகு நேர்ந்தால் குடும்பமே கெடும். தேசியக் குற்றப் பதிவுகள் ஆணையத்தின் கணக்குப்படி, 2021-ம் வருஷத்தில் மட்டும் மின்சாரம் தாக்கி நமது நாட்டில் உயிர் இழந்தவர்கள் 12,000 பேருக்கு அதிகம்.

ஏகாம்பரநாதரும் வரதராஜப் பெருமாளும் கோயில் கொண்டிருப்பதால் வடகாஞ்சி என்று பெயர் பெற்ற ஊர் மீஞ்சூர். இக்காலத்தில் அதை 'மின்சூர்' என்று அழைத்தாலும் தகும். தெற்கே அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையம் 1994-ம் வருஷம் முதல் இயங்கி வருகிறது. பக்கத்திலேயே வல்லூரில் 1,500 மெகாவாட் சக்தியுள்ள மற்றொரு நிலையம். 2001-ல் திறக்கப்பட்டு இன்று காமராஜர் பெயர் தாங்கி நிற்கும் எண்ணூர்த் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக நிலக்கரி வந்து இறங்குகிறது. தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களில் விளக்கு எரிவதற்கு இந்தப் பிரதேசத்துத் தொழிலாளரின் வியர்வை காரணம். ஆனால் சிங்கத்தின் குகைக்கு அருகில் குடியிருப்பதனால் சிங்கம் நமக்கு உறவாகிவிடுவதில்லை. புகைபோக்கிகளைத் தினந்தோறும் பார்த்துப் பழகிய கண்கள், அடுக்களைச் சுவரில் கறுத்துப் போன ஸ்விட்சைப் பார்க்கத் தவறிவிடுகின்றன.

உப்புக் காற்றும் மழை ஜலமும்

வட சென்னைக் கடற்கரைப் பிரதேசத்தில் மின்சாரத்துக்கு இரண்டு விரோதிகள் உண்டு. ஒன்று உப்புக் காற்று. அது இரும்பு ஆணியையும் செப்புக் கம்பியின் முனையையும் மெல்ல மெல்ல அரித்துவிடுகிறது. அரித்த முனை தளர்கிறது. தளர்ந்த முனை சூடேறுகிறது. சூடேறிய முனையிலிருந்து நெருப்பு பிறக்கிறது.

இரண்டாவது விரோதி மழை. இது இன்று நேற்று ஏற்பட்ட பகை அல்ல. 1895-ம் வருஷத்தில் சென்னையில் மின்சார டிராம் வண்டி ஓடத் தொடங்கியபோது, பூமிக்கடியில் காடி வெட்டி அதன் வழியாகத்தான் மின்சாரத்தைச் செலுத்தினார்கள். மழைக்காலத்து வெள்ளம் அதற்குள் புகுந்து படுத்திய பாட்டில், பிறகு தலைக்கு மேல் கம்பி கட்ட வேண்டியதாயிற்று. 2017-ம் வருஷம் நவம்பர் முதல் தேதி கொடுங்கையூரில் நடந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. மழை ஜலம் தேங்கிய தெருவில், மின்சாரம் பாய்ந்துகொண்டிருந்த கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் மாண்டு போனார்கள். அவர்கள் செய்த குற்றம், மழை பெய்த அன்று தெருவில் நடந்ததுதான்.

தெருவில் உள்ள கம்பிக்கு மின் வாரியம் பொறுப்பு. மீட்டருக்கு இப்பால் உள்ள கம்பிக்கு வீட்டுக்காரரே பொறுப்பு. இந்த இரண்டாவது உண்மையைத்தான் நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

பியூஸ் யாரைக் காக்கிறது?

"எங்கள் வீட்டில் எம்.சி.பி. போட்டிருக்கிறோம், பயமில்லை" என்று சொல்கிறவர்கள் அநேகர். அந்தத் தைரியம் சரியானதுதானா என்று ஆராய்வோம்.

40 வாட் குண்டு பல்பு ஒன்று 230 வோல்ட்டில் எரியும்போது அதன் வழியாக ஓடும் மின்சாரம் சுமார் 174 மில்லி ஆம்பியர். மனிதனுடைய மார்பின் வழியே 30 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்ட மின்சாரம் சிறிது நேரம் பாய்ந்தாலே, இருதயத்தின் துடிப்பு நிலை குலையக்கூடும். ஆகவே, ஒரு சிறு விளக்கை எரிக்கப் போதுமான மின்சாரம், ஒரு பெரிய மனிதரின் ஜீவ விளக்கை அணைக்கப் போதுமானதற்கு ஐந்து மடங்குக்கும் அதிகம்! பியூஸும் எம்.சி.பி.யும் பல ஆம்பியர்கள் பாய்ந்தால்தான் விழித்துக்கொள்ளும். அவை காப்பது கம்பியை, மனிதனை அல்ல.

மனிதனைக் காப்பதற்கென்று வேறொரு கருவி இருக்கிறது. ஆர்.சி.சி.பி. என்பது அதன் பெயர். கடைத் தெருவில் ஈ.எல்.சி.பி. என்றும் கேட்கலாம். போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது ஓயாமல் கணக்குப் பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், "யார் உடம்பின் வழியாகவோ ஒழுகுகிறது!" என்று கண்டுகொண்டு, கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கிறது. அதன் முகப்பிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் அது விழாவிட்டால், அது காவற்காரன் அல்ல, காவற்காரன் பொம்மை.

இத்துடன் எர்த் கம்பியும் அவசியம். மூன்று முனைப் பிளக்கில் ஒரு முனை மட்டும் நீளமாகவும் பருமனாகவும் இருப்பது அழகுக்காக அல்ல. மற்ற இரண்டு முனைகளுக்கு முன்னால் எர்த் இணைப்பு கிடைக்கவேண்டும் என்பதற்காக. இரண்டு துளை ஸாக்கெட்டில் பொருத்துவதற்காக அந்த முனையை ஒடித்துவிடும் புத்திசாலிகள் இருக்கிறார்கள்! மாவும் ஜலமுமாக இருக்கும் கிரைண்டரை ஈரக் கையால் தொடுகிற தாய்மார்கள்தாம் அந்தப் புத்திசாலித்தனத்துக்கு விலை கொடுக்கிறார்கள். துணி உலர்த்துவதற்கு இரும்புக் கம்பி கட்டுவதும் அப்படியே. மின்சார ஒயரில் அது உரசிவிட்டால் ஈரத் துணியே எமனாகிவிடும். நைலான் கயிறு கட்டினால் அந்தக் கவலை இல்லை.

ஆளை அமர்த்தும் முறை

பல்பு, விசிறி, பியூஸ், ஸ்விட்ச் இவற்றில் பழையதை எடுத்துவிட்டு அதே அளவில் புதியது மாட்டுவதைச் சட்டம் தடுக்கவில்லை. புதிதாக ஒயர் இழுப்பது, இருப்பதை நீட்டுவது முதலிய வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் மூலமாகவே, தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில் செய்யவேண்டும். 1956-ம் வருஷத்து இந்திய மின்சார விதிகள் முதல் இதுவே நியதி. இந்தச் சான்றுகளை நம் மாகாணத்தில் வழங்குவது, கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம்.

ஆகவே, வருகிறவரிடம் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. முறையாகக் கற்றவர் பெருமையோடு எடுத்துக் காட்டுவார். இன்ன சாமான், இன்ன கூலி என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஒயரிலும் ஸ்விட்சிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று நாமே பார்க்கவேண்டும். வேலை முடிந்ததும், மெக்கர் கருவியால் கம்பிகளின் காப்பைச் சோதித்துக் காட்டச் சொல்லவேண்டும். எர்த் கம்பி பச்சை நிறத்தில், ஒவ்வொரு ஸாக்கெட்டுக்கும் வந்து சேர்ந்திருக்கிறதா என்று கேட்கவேண்டும். "எர்த் எல்லாம் எதற்குங்க? நான் இருபது வருஷமாக இப்படித்தான் செய்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவிடுவது உத்தமம்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. "சீரியல் பாதியில் நின்றுவிடும், மெயினை அணைக்காமலே பாருங்கள்" என்று தொழிலாளியை அவசரப்படுத்துவது மகா பாவம். அவர் வீட்டிலும் விளக்கேற்றிவைத்துக்கொண்டு ஒருத்தி காத்திருக்கிறாள். எர்த் குழிக்கான செலவில் பேரம் பேசிவிட்டு, வரவேற்பறைச் சரவிளக்குக்கு வாரி இறைப்பதும் விவேகம் ஆகாது.

எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தும் யாரையாவது மின்சாரம் பற்றிக்கொண்டால், அவரைத் தொடக் கூடாது. முதலில் மெயினை அணைக்கவேண்டும். அது முடியாவிட்டால், உலர்ந்த மரப் பலகை மேல் நின்று, உலர்ந்த கட்டையால் கம்பியை விலக்கவேண்டும். உடனே 108-க்குச் சொல்லி, மூச்சு நின்றிருந்தால் உதவி வரும் வரையில் மார்பின் மத்தியில் விடாமல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். தெருவில் கம்பி அறுந்து கிடந்தால் அருகில் போகாமல், மின் வாரியத்தின் 'மின்னகம்' நிலையத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் தெரிவிக்கலாம்.

பாரதம் விடுதலை பெற்ற அதே 1947-ம் வருஷத்தில்தான் நம்முடைய தர நிர்ணய ஸ்தாபனமும் பிறந்தது. அது வகுத்த வரிசையில் முதல் எண் பெற்ற தரம் எது தெரியுமா? நமது தேசியக் கொடிக்கான தரம். கொடியின் துணிக்கு அளவு வகுத்த அதே ஸ்தாபனத்தின் முத்திரைதான், நம் வீட்டுச் சுவருக்குள் ஓடும் கம்பியின் மேலும் இருக்கிறது. கொடிக்கு வணக்கம் செலுத்துகிற நாம், இந்த முத்திரைக்கும் கொஞ்சம் மதிப்புக் கொடுப்போமாக. ஐப்பசி மழைக்கு முன்னால் தகுந்த ஒருவரை அழைத்து, ஒரு முறை வீட்டுக் கம்பிகளைச் சோதித்துவிட்டால், தீபாவளி விளக்குகளை நிம்மதியாக ஏற்றலாம்.