தங்கச் சீட்டும் பிரித்த ஊடையும்: இரண்டாம் வாய்ப்பு குறித்துச் சில குறிப்புகள்

‘ஓ மை கடவுளே’ 2020 பிப்ரவரி 14 அன்று, காதலர் தினத்துக்கென்றே வெளியான படம். வெகுநாள் கழித்து, ஆரணியில் எங்கள் வீட்டுக் கூடத்தில், தறிச் சத்தம் ஓய்ந்த ஒரு ராத்திரியில் அக்காவும் நானும் அதைப் பார்த்தோம். எனக்குப் பிடித்திருந்தது. அங்கங்கே சிரித்துக்கொண்டும் இருந்தேன். முடிந்ததும் அக்கா கேட்டாள்: “அவனுக்கு மட்டும் எல்லாம் ஞாபகம் இருக்குது. அவளுக்கு ஒண்ணுமே இல்ல. அப்ப யாருக்குடா ரெண்டாவது தபா?” அந்தக் கேள்வியை விளங்கிக்கொள்ளும் முயற்சிதான் இந்தக் கட்டுரை.

கதை தெரிந்ததுதான். சிறுவயதுத் தோழி அனு கேட்டாள் என்பதற்காக, பெரிதாக யோசிக்காமல் அவளை மணந்துகொள்கிறான் அர்ஜுன். திருமணம் கசந்து குடும்ப நீதிமன்றத்தில் நிற்கிறார்கள். அப்போது கடவுள் வருகிறார். கோட்டு சூட்டு, கூடவே ஒரு உதவியாளர், காதலுக்கென்று தனி கோர்ட். அர்ஜுன் கையில் ஒரு தங்கச் சீட்டைக் கொடுத்து, திருமணத்துக்கு முந்தைய கணத்துக்கு அவனைத் திருப்பி அனுப்புகிறார். பழைய வாழ்வின் நினைவோடு அவன் புதிய வாழ்வுக்குள் நுழைகிறான். அனு நினைவில்லாமல் நுழைகிறாள். உண்மையில் அவள் ‘நுழைவது’கூட இல்லை. அவளுக்கு இது முதல் வாழ்வு.

தமிழ் சினிமாவின் காதல் கதையாடலில் இரண்டாம் வாய்ப்புக்கு வேறொரு பெயர் இருந்தது, மறுபிறவி. ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே காதலைக் கொல்வது ஜமீனின் அந்தஸ்து. இழந்ததைப் பெற இருவருமே மறுபடி பிறந்தாக வேண்டும். பழைய ஜமீன்தாரும் (நம்பியார்) சாகாமல் நூறு வயதைத் தாண்டிக் காத்திருக்கிறார். அதாவது, தடையும் கூடவே தொடர்ந்து வருகிறது. 2020இல் அந்தஸ்து காணாமல் போய்விடுகிறது. தடை ஆணின் மனசுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அவன் தெளிந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும். அவன் தெளிவதற்காக ஒரு முழு உலகமும் பின்னோக்கி ஓட்டப்படுகிறது. ‘கிரவுண்ட்ஹாக் டே’ (1993) படத்திலும் இதே ஏற்பாடுதான். ஒரே நாளை மறுபடி மறுபடி வாழ்கிற ஆணுக்கு நினைவு உண்டு. அவன் விரும்பும் பெண் ஒவ்வொரு காலையும் வெற்றுப் பலகையாக விழிக்கிறாள்.

அமெரிக்கத் தத்துவவாதி ஸ்டான்லி கேவல் 1981இல் எழுதிய ஒரு நூலில், பழைய ஹாலிவுட் படங்கள் ஏழை எடுத்துக்கொண்டு அவற்றை ‘மீள்மண நகைச்சுவை’ என்று வகைப்படுத்தினார். இளஞ்ஜோடி சேருவது அல்ல, பிரிந்த ஜோடி மறுபடி சேருவதே அவற்றின் கதை. அவற்றில் ஒன்றான ‘தி ஆஃபுல் ட்ரூத்’ (1937) படத்தில் விவாகரத்து இறுதியாவதற்குள் இருக்கும் இடைவெளிதான் களம். மாயமில்லை, சீட்டில்லை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் செய்த எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் மறுபடி பேச ஆரம்பிக்கிறார்கள். நம் சட்டத்திலும் அப்படியொரு இடைவெளி உண்டு. 1976 திருத்தத்தால் இந்து திருமணச் சட்டத்தில் சேர்ந்த 13-பி பிரிவு, பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு மனு போட்ட பின் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்கிறது. (தக்க காரணமிருந்தால் நீதிமன்றம் இதைத் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது.) அரசு தருகிற இந்த வறண்ட, காகித வாசனையடிக்கும் இரண்டாம் வாய்ப்பில் ஒரு நேர்மை இருப்பதாக எனக்குப் படுகிறது. அது யாருடைய ஞாபகத்தையும் பிடுங்கிக்கொள்வதில்லை.

இதைத் தறியிலிருந்தும் யோசிக்கலாம். எனக்குத் தெரிந்த ‘ரீவைண்ட்’ அங்கேதான் இருக்கிறது. ஜக்கார்டு அட்டை ஒன்று மாறி ஓடிவிட்டால் பார்டரில் அன்னத்தின் கழுத்து முறிந்துவிடும். அப்பா தலையில் கை வைத்துக்கொள்வார். பிறகு பிரிக்க வேண்டியதுதான். பிரிப்பது சும்மா இழையை உருவுவது அல்ல. கடைசியாகப் போட்ட ஊடை எந்தத் திறப்பில் போனதோ, அதே திறப்பு மறுபடி கிடைக்க வேண்டும். அதற்கு அட்டைகளைப் பின்னோக்கி நகர்த்தி, ஊடை ஊடையாக, வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். அரை நாள் நெய்ததைப் பிரிக்க ஒரு நாளும் ஆகும். பிரித்த பட்டின் மினுமினுப்பு போய்விடும். சரிகை வளைந்து நெளிந்து கிடக்கும், அதை மறுபடி போட முடியாது. முக்கியமாக, பாவு இழைகள் மயிர் கிளம்பி நிற்கும். அவற்றைத்தான் அச்சு அடித்துத் தேய்த்திருக்கிறது. பிழை செய்தது ஊடை. அடி வாங்கியதை நினைவில் வைத்திருப்பது பாவு. அந்த இடத்தில் சேலையை விரல்களால் தடவினால் எங்கள் வீட்டில் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள், “இங்க பிரிச்சு நெஞ்சிருக்குது” என்று. இந்தப் படத்தின் புனைவு மறைப்பது இந்தத் தேய்மானத்தைத்தான். கடவுள் பிரித்த துணியில் சுருக்கமே இல்லை.

அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். எழுதலாமா என்று கேட்டேன், “எழுதேன், யாரு படிக்கப் போறா” என்றாள். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். மாமாவிடம் “இனிமே புத்தியா நடந்துக்க” என்றார்கள். அக்காவிடம் “நடந்ததை மறந்துடும்மா” என்றார்கள். அப்போது எனக்கு இது நியாயமான சமரசமாகத்தான் தெரிந்தது. படத்தைப் பார்த்த பிறகுதான் அந்த இரண்டு வாக்கியங்களின் கட்டமைப்பு பிடிபட்டது. ஒரு தன்னிலைக்குப் பாடம், இன்னொன்றுக்கு மறதி. கற்றுக்கொள்வது அவர் உரிமை, மறப்பது இவள் கடமை. ஆறு மாசம் கழித்து அக்கா மறுபடி வந்துவிட்டாள். இந்த முறை யாரும் கூட்டம் போடவில்லை.

இத்தனை சொன்னாலும், படத்துக்குள்ளேயே படத்தை மீறும் ஒரு இடம் இருக்கிறது. அனுவின் அப்பா (எம்.எஸ். பாஸ்கர்) கழிப்பறைக் கோப்பைகள் தயாரிக்கும் கம்பெனி நடத்துகிறார். மருமகனாக அங்கே வேலை பார்த்த அர்ஜுனுக்கு அந்த வேலையே அவமானம். இரண்டாம் வாழ்வில், மருமகன் அல்லாத வெறும் ஆளாக நிற்கும்போதுதான் அந்த மனிதர் ஏன் அத்தொழிலை அவ்வளவு மதிக்கிறார் என்று கேட்டறிகிறான். என் பார்வையில் மொத்தப் படத்திலும் உண்மையான இரண்டாம் வாய்ப்பு இது ஒன்றுதான். தறிக்காரர் மகன் என்று கல்லூரியில் சொல்லக் கூசிய எனக்கு இந்த இடம் சுருக்கென்று தைத்தது. ஆனால் இதற்குக் காலத்தைத் திருப்ப வேண்டிய அவசியமே இல்லை. முதல் வாழ்விலேயே ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார்.

இந்தப் படம் 2022இல் ‘ஓரி தேவுடா’ என்று தெலுங்குக்குப் போனது. கடவுளாக வெங்கடேஷ் வந்தார். ஆள் மாறினாலும் சீட்டு ஆண் கையில்தான். அனு கையில் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ‘என்னைக் கட்டிக்கிறியா’ என்று முதலில் கேட்டவள் அவள். என்ன பதில் வரும், ஒரு வருஷத்தில் அது எங்கே கொண்டுவிடும் என்று தெரிந்த பிறகு அந்தக் கேள்வியை அவள் மறுபடி கேட்பாளா?

அக்காவிடம் இதைக் கேட்டேன். பாவு பிணைத்துக்கொண்டிருந்தாள். தீர்ந்த பாவின் நுனியோடு புதுப்பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கும் வேலை. ஆயிரக்கணக்கான இழை, எண்ணிக்கை தவறக் கூடாது. “இரு, இதை முடிச்சிட்டுச் சொல்றேன்” என்றாள். அன்றைக்கு அது முடியவில்லை.