கல்லைப் பிடிக்கத் தெரிந்த சர்வேயர்

காலை ஆறரை மணி. மதுராந்தகம் பக்கம் ஒரு புஞ்சைக்காடு. டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியை முக்காலியில் ஏற்றிக் குமிழியைச் சரி பார்த்துவிட்டார் ஓர் இளைஞர். ஐடிஐ-யில் சர்வேயர் பிரிவு முடித்தவர். ஆனால் வேலை தொடங்கவில்லை. புலப்படத்தில் உள்ள வடகிழக்கு மூலைக் கல் நிலத்தில் இல்லை.

“இங்கதான் சார் இருக்கணும்” என்று சீமைக்கருவேலம் புதரைக் காட்டினார்.

“இருக்கணும்னா ஆச்சா தம்பி? பக்கத்துப் புலத்துல ரெண்டு கல்லப் பிடிச்சுட்டு வாங்க, அங்கிருந்து இழுப்போம்” என்றார் மூத்த நில அளவர்.

வெயிலுக்கு அஞ்சாத பிள்ளைகளுக்கு இந்தத் தொழிலில் வழிகள் பல. ஐடிஐ சர்வேயர் பிரிவு, சிவில் டிப்ளமோ இரண்டும் பழகிய பாதைகள். அரசு வேலைக்குத் தேர்வாணையத் தேர்வு உண்டு. ஒரத்தநாட்டில் பயிற்சி நிலையமும் உண்டு. தனியாரில் சாலை, மெட்ரோ, சோலார் பண்ணை, மனைப்பிரிவு என்று களம் விரிகிறது. முதல் ஆறு மாதம் பிரிசம் பிடித்து நிற்கத்தான் விடுவார்கள். நில்லுங்கள், காடு மேடு பழகுவது அப்போதுதான். தொழிலாக ட்ரோன் பறக்கவிட 2021 விதிகளின்படி பைலட் சான்றிதழ் வேண்டும்.

எனக்குக் கவலை வேறு. கருவியை இரண்டு வாரத்தில் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்குக் கல்லைத் தேடத் தெரியவில்லை. ஜேசிபி பெயர்த்தது, சாலை உயர்ந்து புதைந்தது, வேலி போட்டவர் நகர்த்தியது என்று கற்கள் ஊர் ஊராகக் காணாமல் போகின்றன. 66 அடிச் சங்கிலியில் லிங்க் கணக்கில் அளந்த பழைய படத்தைக் கையில் கொடுத்தால் பலர் விழிக்கிறார்கள். ஒரு லிங்க் சுமார் 20 சென்டிமீட்டர் என்பதே பலருக்குப் புதுச் செய்தி. 200 அடி நீள எல்லையில் ஒரே ஓர் அடி தள்ளிப்போனால் ஏறக்குறைய அரை சென்ட் கைமாறிவிடும். அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோக அது போதும்.

1802 ஏப்ரலில், இந்தியாவின் முக்கோண நில அளவையைத் தொடங்கிய லாம்டன் பரங்கிமலைப் பக்கம் 100 அடி எஃகுச் சங்கிலியால் சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டை அளந்தார். தொடங்கும் கோடு பிழைத்தால் அதன்மேல் கட்டும் முக்கோணம் எல்லாம் பிழை என்பதால்தான் அத்தனை பாடு. ஒரு புலத்தின் மூலைக் கல்லுக்கும் அதே நியாயம்தான். செயற்கைக்கோள் ஆயத்தொலைவு எல்லாப் புலத்துக்கும் வந்துவிட்டால் கல்லே வேண்டாம் என்கிறார்கள் சிலர். வரட்டும். ஆனால் அந்த ஆயத்தொலைவை எடுக்க முதலில் எங்கே போய் நிற்பது?

பயிற்சி தருபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு மாதமாவது பிள்ளைகளைப் பழைய புலப்படம், டேப், கடப்பாரையோடு மட்டும் வயலுக்கு அனுப்புங்கள். டோட்டல் ஸ்டேஷன் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

மதுராந்தகத்தில் பக்கத்துப் புலத்தின் இரண்டு கற்களும் கிடைத்தன. அங்கிருந்து டேப் பிடித்து வந்தபோது, இளைஞர் காட்டிய புதருக்கு மூன்று மீட்டர் கிழக்கே கடப்பாரை இறங்கியது. முழங்கை ஆழத்தில் கல். தலையில் கொத்திய அம்புக்குறி அப்படியே இருந்தது. மண்ணைத் துடைத்துவிட்டு இளைஞர் முதல் முறையாகக் குறிப்பேட்டைத் திறந்தார்.